மாப்பிள்ளை கோட்டின் பொத்தான்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் என் பேத்திக் குட்டியும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் உன் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். எப்போதும் நலம் என்று எழுதுகிறவள்தான், இந்த முறை அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி, அதற்கு நீ அரை வரி பதில் சொல்லிவிட்டு, அம்மா எனக்கு மீட்டிங் இருக்குன்னு வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங்கோ, அது உனக்கே வெளிச்சம். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் அழுதால் உனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன், முழுதும் படி.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். தோட்டா போட்ட துப்பாக்கி ஒன்று நம் சலவைக் கடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. எடுத்து மடித்துக் கவரில் போட்டு, பத்திரமா கொண்டு போங்கன்னு சொல்லிக் கொடுத்தவள் நான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. அப்பா உன்னிடம், ஒண்ணும் இல்லைடா, கோட்டு மாறிப்போச்சு, லைசென்சைத் திருப்பி வாங்கிட்டாங்க என்று சொன்னாராமே. கோட்டு மாறிப்போச்சாம்! இவர் வாயிலிருந்து வந்தால் பூகம்பம்கூட வீடு லேசா ஆடிச்சு என்றுதான் வரும்.

கடையில் வாங்காத துணி தொங்கும் கம்பி உனக்கு ஞாபகம் இருக்கும், கவுன்டருக்குப் பின்னால், சுவரோரம். துணியைக் கொடுத்துவிட்டு மறந்தவர்கள், ஊரை விட்டே போனவர்கள், டோக்கனைத் தொலைத்துவிட்டு வரக் கூச்சப்படுகிறவர்கள், எல்லாருடைய துணியும் அதில்தான். அதன் கடைசியில் ஒரு நீளக் கறுப்புக் கோட்டு இரண்டு வருஷமாகத் தொங்கியது. கல்யாணத்துக்கு நாளைக்கு வேணும் என்று அவசரப்படுத்திக் கொடுத்துவிட்டுப் போன ஆள் திரும்பி வரவே இல்லை. மாப்பிள்ளை ஓடிட்டான் போல என்று நானும் அப்பாவும் சிரிப்போம், மாப்பிள்ளை கோட்டு என்றே அதற்குப் பெயராகிவிட்டது. இரண்டு வருஷம் தாண்டினால் யாருக்காவது கொடுத்துவிடுவது என் வழக்கம், உனக்கே தெரியும். கொடுக்கும் முன் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்பேன். அன்றைக்கு அவர் கண் டாக்டரிடம் போயிருந்தார். கண்ணாடியின் பவர் இன்னும் ஏறியிருக்கிறது, வலது முழங்காலும் மழை நாளில் படுத்துகிறது, அதெல்லாம் பிறகு.

போஸ்ட் ஆபீசைத் தாண்டி இருக்கும் சின்னப் பள்ளிக்கூடத்து டீச்சர் வந்தாள், சீருடை கொடுக்க. பிள்ளைகள் நாடகம் போடுகிறார்களாம், மந்திரவாதி வேஷத்துக்கு நீளமாக ஒரு கோட்டு இருந்தால் தேவலை என்றாள். என் கண் நேராகக் கம்பியின் கடைசிக்குப் போனது. கையில் எடுத்ததும் கனமாகத்தான் இருந்தது. நல்ல கம்பளிம்மா, கனமாத்தான் இருக்கும், இந்த மாதிரித் துணி இப்ப எங்க வருதுன்னு பெருமை வேறு பேசினேன். அந்த வார்த்தையை நினைத்து இத்தனை நாளாகத் தலையில் அடித்துக்கொள்கிறேன்.

பையைப் பார்க்காமல் எப்படிக் கொடுத்தாய் என்று நீ கேட்பாய். ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார், போலீஸ்காரர் கேட்டார், நானும் என்னைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். முப்பத்தோரு வருஷமாக இந்தக் கடையில் பை பார்க்காமல் ஒரு துணி தண்ணீர் தொட்டதில்லை. பத்து வயதில் உனக்கும் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன். சாவி, காதல் கடிதம், ஒரு தடவை யாருடைய கட்டிய பல்லோ கூட எடுத்திருக்கிறோம். ஆனால் கண்ணா, நாம் பை பார்ப்பது உள்ளே வரும் துணிக்கு. துவைத்துத் தேய்த்துத் தொங்கவிட்ட பிறகு அதில் என்ன இருக்கப் போகிறது? வெளியே போகும் துணியின் பையில் நான் ஒரு நாளும் கை விட்டதில்லை. இது உன் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அங்கே வைத்திருக்கிறார் அந்த மனுஷன்.

மூன்று மணிக்கு வந்தார். கம்பியைப் பார்த்தார். மாப்பிள்ளை கோட்டு எங்கேன்னு கேட்டார். பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துட்டேன், நாடகத்துக்குன்னு சொன்னேன். பேயறைந்தது போல நின்றார். மயக்கமோ என்று நாற்காலியை இழுத்தேன். அதுக்குள்ள ஒண்ணு இருக்குடின்னார். என்ன ஒண்ணு என்றேன். துப்பாக்கின்னார். நான் சிரித்துவிட்டேனடா! சத்தியமாகச் சிரித்தேன். சட்டைக் காலரில் கறை போகவில்லை என்றால் இரண்டு நாள் தூங்காத மனுஷன், கரப்பான் பூச்சியை அட்டையில் ஏந்தித் தெருவில் விட்டுவிட்டு வருகிறவர், அவரிடம் துப்பாக்கி இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். குண்டு இருக்கான்னு கேட்டேன், ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

பள்ளிக்கூடத்துக்கு போன் அடித்தால் மணி போய்க்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. டீச்சர் போனும் அப்படியே. கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினோம். இஸ்திரிப் பெட்டியை அணைக்கவில்லை, வங்கி மேனேஜருடைய வெள்ளைச் சட்டை கருகிப்போனது பிறகுதான் தெரியும். உன் அப்பா அந்த முழங்காலோடு என்னை முந்திக்கொண்டு ஓடினார். நான் செருப்பை எங்கே விட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. தெருவில் யாரோ என்னக்கா என்ன ஆச்சுன்னு கேட்டார்கள், திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

ஹாலில் இருபது, இருபத்தைந்து பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தன. நடுவில் மந்திரவாதி நின்றுகொண்டிருந்தாள். ரொட்டிக் கடைக்காரரின் மகள், எட்டு வயது, முன்பெல்லாம் அப்பனோடு கடைக்கு வந்தால் நம் ஹேங்கர்களை எண்ணிக்கொண்டிருப்பாள் என்று சொல்வேனே, அந்த எமகாதகிதான். கோட்டு தரையில் புரள்கிறது, கையை நாலு மடிப்பு மடித்துவிட்டிருக்கிறார்கள். வலது பக்கத்து உள்பையிலிருந்து கலர் கைக்குட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு முடித்துவிட்டாள். முடித்தவள் சும்மா இருப்பாளா? இடது பக்கத்தில் இன்னொரு உள்பை, மூடி வைத்து, பொத்தான் போட்டு, உள்ளே ஏதோ புடைத்துக்கொண்டு. டீச்சர், இதுலயும் என்னமோ வெச்சிருக்கீங்க, திறக்க வரலைன்னு சொல்லிக்கொண்டே பொத்தானைப் பல்லால் கடித்து இழுக்கிறாள். டீச்சர் திரை கட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து திரும்பாமலே, பல்லால கடிக்காதடின்னு சொல்கிறாள். அந்த நேரத்தில்தான் நாங்கள் வாசலில் போய் நின்றோம். நான் கத்திய கத்தலில் பிள்ளைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டன.

உன் அப்பா போய் முட்டி போட்டு உட்கார்ந்து அவளிடமிருந்து கோட்டைக் கழற்றினார். நாலு மடிப்பு மடித்த கையை உருவவே எவ்வளவு நேரம் ஆனது. குழந்தை ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டது. பல்லால் கடித்ததற்காகக் கோட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறோம் என்று நினைத்துவிட்டது. இனிமே கடிக்க மாட்டேன் ஆன்ட்டி, குடுத்துருங்க ஆன்ட்டின்னு என் புடவையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியது. அதற்கு நான் என்ன சொல்ல? இல்லடா தங்கம், நீ ஒண்ணும் பண்ணலைன்னு சொல்லிக்கொண்டே நானும் அழுதேன்.

அப்பா ஒளிக்கவில்லை, அதை மட்டும் சொல்ல வேண்டும். நேராக ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குப் போய், என் துப்பாக்கி, என் தப்பு, போலீசைக் கூப்பிடுங்கம்மான்னு சொன்னார். வந்த போலீஸ்காரர் பொத்தானை விரலால் நெம்பித்தான் திறந்தார், அவருக்கே சிரமமாக இருந்தது. தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வருகைப் பதிவேட்டின் மேல் வைத்தார். ஆறு. பிள்ளைகளின் பெயர் எழுதிய பக்கம் திறந்திருந்தது, அதன் மேலேயே வைத்தார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் விசாரணை, என்ன ஆகும் என்று தெரியாது. ரொட்டிக் கடைக்காரர் மறுநாள் வந்தார். திட்டுவார், சட்டையைப் பிடிப்பார் என்று இருந்தேன். டோக்கனை வைத்தார், தன் ஏப்ரன்களை எடுத்துக்கொண்டார், போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஒரு வேளை சோறாவது இறங்கியிருக்கும்.

வீட்டுக்கு வந்து இவரை உட்காரவைத்துக் கேட்டேன். முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய பொண்டாட்டிக்குத் தெரியாமல் எட்டு மாதம் ஒரு துப்பாக்கி! சூட்கேசுக்குப் பின்னால் இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது, வீட்டுப் பத்திரம் என்று சொல்லியிருந்தார். அதில்தான் பூட்டி வைப்பேன் என்று சர்க்காருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்புறம் ஏன் கோட்டுக்கு வந்தது என்றேன். திருடன் கடைக்கு வர்றப்ப துப்பாக்கி வீட்ல பெட்டிக்குள்ள இருந்து என்ன பிரயோஜனம்னு கேட்கிறார். பிறகு அந்தத் திருட்டைப் பற்றிச் சொன்னார். நான் பல் டாக்டரிடம் போயிருந்த மத்தியானம் இரண்டு பேர் வந்து கல்லாவை எடுத்துப் போனார்களே, கேட்டாங்க, கொடுத்தேன், போயிட்டாங்க என்று என்னிடம் சொல்லியிருந்தார். அது முழுசு இல்லையாம். கத்தியை வைத்து அவரை முட்டி போட வைத்தார்களாம். ஒருவன் அவர் கண்ணாடியைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டு சிரித்தானாம். இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, இஸ்திரி மேஜையைத் தடவிக்கொண்டே சொன்னார். அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆனால் இதை உன்னிடம் மட்டும் அன்றைக்கே சொல்லியிருக்கிறார். நீ கொதித்துப்போயிருக்கிறாய், பெற்ற அப்பன் இல்லையா. ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்கப்பா, நானே இங்க வெச்சிருக்கேன், அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னாயாம். நானே இங்க வெச்சிருக்கேன். இந்த மூன்று வார்த்தை காதில் விழுந்த பிறகு எனக்குப் பள்ளிக்கூடம் மறந்துவிட்டது, போலீஸ் மறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உனக்கு போன் செய்து அதைத்தானடா கேட்டேன். எங்க வெச்சிருக்கே என்று. அலமாரிக்கு மேல ஷூ டப்பாவுல இருக்கும்மா, அவளுக்கு எட்டாதுன்னு சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டாய்.

எட்டாதா? போனை வைத்ததும் போன மாதம் நீ அனுப்பிய வீடியோவைத் தேடி எடுத்தேன். நம் குட்டி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஸ்டூலைத் தூக்கி வைத்து, அலமாரி உச்சியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுக்கிறாள். பின்னால் நீ சிரிக்கிற சத்தம் கேட்கிறது. பாரும்மா உன் பேத்தியை என்கிறாய். வாலில்லாத குரங்கு என்று நானும் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். இந்தத் தடவை அவளைப் பார்க்கவில்லை, அலமாரிக்கு மேலே பார்த்தேன். பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் ஒரு ஷூ டப்பா இருக்கிறது. அந்த வீடியோவை அப்படியே உனக்குத் திருப்பி அனுப்பினேன். நீ பார்த்துவிட்டாய் என்று காட்டுகிறது, பதில் வரவில்லை. மருமகளுக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன், கோள் சொன்னேன் என்று கோபித்துக்கொள், பரவாயில்லை. அவளுக்குத் தெரியவே தெரியாதாம். இன்றைக்கே பேசறேன் அத்தை என்று மட்டும் சொன்னாள். பேசினாளா, நீ என்ன சொன்னாய், எனக்குத் தெரியாது.

லைசென்ஸ் இருக்கிறது என்று எழுதாதே, உன் அப்பாவிடமும் இருந்தது. பூட்டி வைக்கிறேன் என்றும் எழுதாதே, அவரும் பூட்டித்தான் வைத்தார், பயம் வந்ததும் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். நீயும் கொண்டுவருவாய், நீ அவர் பிள்ளை. உனக்கும் அங்கே பயம் இருக்கும், இல்லை என்று நான் சொல்லவில்லை. கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போடு, பக்கத்து வீட்டாரோடு பேச்சு வைத்துக்கொள், வேண்டுமானால் எங்களிடம் வந்துவிடு. அது மட்டும் அந்த வீட்டில் வேண்டாம். எங்கே ஒப்படைக்க வேண்டுமோ அங்கே போய் ஒப்படைத்துவிட்டு, போயாச்சு என்று ஒரு வரி அனுப்பு. அதுவரை எனக்குத் தூக்கம் கிடையாது.

மூன்று பேரும் நூறு வயது நன்றாக இருங்கள். குளிர் காலம், காதை மூடிக்கொண்டு வெளியே போ, மருமகளிடம் சண்டைக்கு நிற்காதே. கவரைத் தூக்கிப் போடுவதற்கு முன் உள்ளே பார், கறுப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். மாப்பிள்ளை கோட்டின் இடது உள்பையிலிருந்து வெட்டி எடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கோட்டு சலவைக்கு வந்தபோது இது தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது, யாரும் கேட்கவில்லை, கை சும்மா இருக்காமல் இரட்டை நூல் போட்டு இறுக்கித் தைத்தேன். ஓரத்தை விரலால் தடவிப் பார், பல் பதிந்த இடம் தெரியும். பால்பல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா