மேடையில் நான் கேட்ட உன் கேள்வி

கல்முனை
வெள்ளிக்கிழமை, 1957

அன்பின் மச்சான்,

பட்டின சபைத் தேர்தலில் நாங்கள் வென்றுவிட்டோம். சந்தியில் இன்னும் வெடி கொளுத்துகிறார்கள்.

ஆசிரியர் கலாசாலை விடுதியில் நீ என்னிடம் கேட்டாயே, "கடவுளே செத்துக் கிடந்தாரெண்டா, அந்த மூணு நாளும் உலகத்த ஆர் பாத்த, மச்சான்?" என்று. ஈசா நபி சிலுவையில் அறையப்படவே இல்லை, அல்லாஹ் உயர்த்திக்கொண்டான் என்றேன். நீ ஏற்கவில்லை. ஜெபித்துவிட்டுப் படுத்தாய்.

எங்களை எதிர்த்து நின்றவர் உன்னைப்போல வேதக்காரர், கிறிஸ்தவர் என்பதால், அந்தக் கேள்வியை மேடையில் கேட்டேன். "அவங்கட பள்ளிக்கூடத்து வாத்தியாரே என்னட்டக் கேட்டதுதான்" என்றும் சொன்னேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த வாத்தியார் யாரென்று உங்கள் ஆட்கள் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

உன் வேலை போனதை மீன் சந்தையில் கேள்விப்பட்டேன். உன் மனைவி பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டதையும்.

என் மூத்தவள் காய்ச்சலில் கிடந்தபோது, நான் மாதா கோயிலில் முழங்காலில் நின்று மெழுகுதிரி கொளுத்தியதை நீ ஒருவன்தான் கண்டாய். மர்யம் எங்களுக்கும் பெரியவர்தான். ஆனாலும் சிலைக்கு முன்னால் முழங்காலிட்டவனை எங்கள் ஊர் மன்னிக்காது. உங்கள் மேடையில் அது எப்போது வரும் என்று தினமும் பயந்துகொண்டே இருந்தேன். கடைசிவரை வரவில்லை.

இன்று ஜும்ஆத் தொழுகையில் என்னை முதல் வரிசைக்கு அழைத்து நிறுத்தினார்கள்.

நீ சொல்லியிருக்கலாம், மச்சான்.

உன்னோடு ஒரே அறையில் இருந்தவன்