செல்லாதவை என்று நான் கட்டிய கட்டு

மெம்பரம்மா,

நேற்று என் காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டு மாற்றப் போயிருந்தேன். செவிலியர் புதுச் சுருள் ஒன்றைப் பிரித்தார். வெளுப்பு மருந்தும் வெயிலும் சேர்ந்த அந்த மணம் வந்ததும் நீங்கள் அறைக்குள் வந்துவிட்டது போல இருந்தது. கட்டுத்துணி மடிக்கும் கொட்டகையிலிருந்து நேராகப் பேரூராட்சி அலுவலகத்துக்கு வருவீர்கள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். அதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் நான் ஒவ்வொரு முறையும் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எதை எழுதுவதானாலும் முதலில் குறிப்பு எடுத்துக்கொள்வது என் பழக்கம். ஓய்வு பெற்றும் அது விடவில்லை. இன்று எடுத்த குறிப்பு இது:

1. நீங்கள் உறுப்பினராக வந்த புதிதில் நடந்தது.
2. படிவத்தை நான் தயாரித்த விதம்.
3. கூட்டத்தில் நான் சொன்ன மூன்று சொற்கள்.
4. மாடசாமியிடம் நீங்கள் கேட்ட கேள்வி.
5. கடைசியில் நீங்கள் என்னை மன்னித்தது.

பெண்களுக்கு இடம் ஒதுக்கி நடந்த முதல் தேர்தலில் ஜெயித்து வந்தவர்களில் நீங்களும் ஒருவர். மற்ற இரண்டு பெண் உறுப்பினர்களுக்குப் பதிலாக அவர்கள் வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். உங்கள் வீட்டுக்காரரைப் பற்றித் தலைவர் விசாரித்தபோது நீங்கள் சொன்ன பதில் இப்போதும் காதில் இருக்கிறது.

“அவிய லாரியில போயிருக்காவ. வந்தாலும் இங்க வர மாட்டாவ. நாந்தான் மெம்பரு.”

தலைமை எழுத்தரான நான் உங்களைக் கண்டதும் எழுந்து நிற்பேன். ஒருநாள் எழுந்த வேகத்தில் மைக்கூடு சரிந்தது. “ஏன் அண்ணாச்சி, நான் என்ன கலெக்டரா? உக்காருங்க. நீங்க எந்திரிக்கியதப் பாத்தா எனக்குக் கையுங்காலும் ஓடல” என்றீர்கள். அலுவலகமே சிரித்தது. அதற்குப் பிறகு நான் பாதி எழுந்து பாதியில் உட்கார்ந்துகொள்வேன். அதையும் கேலி செய்தீர்கள்.

வரவு செலவுத் திட்டம் எழுதும் காலம் வந்தது. வழக்கமாக வார்டுக்கு என்ன வேலை என்பதை உறுப்பினர் சொல்வார், நான் எழுதுவேன். நீங்கள் சொல்ல மறுத்தீர்கள். “நம்மளே எழுதிட்டா எப்படி? வீடு வீடாக் கேட்டுப்புட்டு எழுதுவோம்.” எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து படிவம் தயாரித்தேன். தெருவிளக்கு, சாக்கடை வாறுகால், சிமெண்ட் தளம், கூடுதல் தெருக்குழாய், பொதுக் கழிப்பறை. ஐந்து வேலைகள், எதிரே ஐந்து கட்டங்கள். ஏதாவது ஒன்றில் மட்டும் குறியிட வேண்டும்.

நீங்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். “கடைசில ஒரு கோடு சும்மா விடுங்க அண்ணாச்சி. அவிய மனசுல இருக்கதை எழுதட்டும்.”

“அதைக் கூட்டிப் பார்க்க முடியாதும்மா” என்றேன்.

வற்புறுத்தாமல் விட்டுவிட்டீர்கள். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் கோட்டுக்குத் தாளில் இடம் இருந்தது. கணக்கு ஒழுங்காக வர வேண்டும் என்ற ஆசைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

மாலை நேரங்களில் இருவரும் தெருத்தெருவாகப் போனோம். தறிக்காரர் ஒருவர், “எல்லாத்துலயும் டிக் போடலாமா?” என்று கேட்டார். ஒன்றில்தான் போட வேண்டும் என்று நான் விளக்கினேன். “அப்ப கல்யாண வீட்டுல ஒரு கூட்டுதான் வைப்பேங்கிய” என்றார் அவர். நீங்கள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

தாள்கள் திரும்பி வந்தன. அவற்றைப் பிரிக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு தேர்தலிலும் வாக்கு எண்ணும் பணிக்குப் போய்ப் பழகியவன் நான். வாக்குச்சீட்டில் முத்திரையைத் தவிர வேறு எழுத்து இருந்தால் அது செல்லாது. அந்தப் பழக்கத்திலேயே, கட்டத்தில் குறியிடாமல் ஓரத்தில் எழுதியிருந்த தாள்களையெல்லாம் தனியே எடுத்தேன். சிவப்பு நாடாவால் கட்டி, மேலே ‘செல்லாதவை’ என்று எழுதிவைத்தேன். அவற்றைப் படிக்கவில்லை. செல்லாத சீட்டை யாரும் படிப்பதில்லை. மீதித் தாள்களில் கூடுதல் தெருக்குழாய்க்குத்தான் அதிகக் குறிகள் இருந்தன. கணக்கு ஒழுங்காக வந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் நீங்கள் வந்து, “இது என்ன கட்டு?” என்று கேட்டீர்கள். சொன்னேன். நாடாவை அவிழ்த்து, எழுத்துக்கூட்டி ஒவ்வொன்றாகப் படித்தீர்கள். சற்று நேரத்தில் உங்கள் முகம் மாறியது. வெவ்வேறு கையெழுத்தில் ஏறக்குறைய எல்லாத் தாளிலும் ஒரே செய்திதான் இருந்தது. ‘குழாய் இருக்கு, நேரம்தான் சரியில்லை.’ ‘அஞ்சரைக்குத் தண்ணி, அஞ்சரைக்கே மில்லு வேன், நாங்க எதுக்குப் போக?’

அதில் ஒரு தாள் உங்கள் வீட்டுக்குப் பின்வீட்டுச் சரசுவினுடையது. அவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் காலை ஷிப்டு. வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், பள்ளிக்குப் போகும் இரண்டு பெண்கள். தண்ணீர் பிடித்துவிட்டுப் போய், தாமதமாகி, இரண்டு முறை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். ‘இன்னொரு தடவை லேட்டானா பேரை எடுத்துருவாங்க. நாலரைக்குத் திறந்துவிட்டால் போதும்’ என்று எழுதியிருந்தார். ஐந்து கட்டங்களிலும் குறி இல்லை.

மறுநாள் கூட்டத்தில் நீங்கள் எழுந்து அந்தத் தாள்களைப் படிக்க ஆரம்பித்தீர்கள். செயல் அலுவலர் பாதியில் நிறுத்தினார். “நேரத்தை மாத்துறதை எந்தத் தலைப்புலம்மா எழுதுறது? இது பட்ஜெட் கூட்டம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இந்தத் தாளெல்லாம் கணக்குல வந்துச்சா?”

தவறு என்னுடையது, தாள்கள் உண்மையானவை, இவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். வாயில் அந்த வாக்கியம் தயாராகவும் இருந்தது. புது அலுவலர், எனக்கோ ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது, எல்லாரும் என்னையே பார்த்தார்கள். “விதிப்படி செல்லாது, சார்” என்றேன்.

“மெம்பரம்மா செல்லாத ஓட்டுல ஜெயிக்கப் பாக்காவளே!” என்றார் ஓர் உறுப்பினர். சபை சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு தாள்களை அடுக்கி, நாடாவைச் சுற்றி, உட்கார்ந்துவிட்டீர்கள். வார்டுக்கு இரண்டு புதுக் குழாய்கள் என்று தீர்மானம் நிறைவேறியது.

குழாய்கள் வந்தன. அவற்றிலும் அஞ்சரைக்குத்தான் தண்ணீர் வந்தது. அதற்கு முன்பே, சித்திரையில், சரசுவின் பெயரை மில்லில் எடுத்துவிட்டார்கள். கட்டுத்துணிக் கொட்டகையில் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மில் கூலியில் பாதிகூட அங்கே கிடைக்காது. மூத்த பெண்ணின் படிப்பு அந்த ஆண்டோடு நின்றது.

ஐப்பசியில் ஒரு நாள் தண்ணீர் திறந்துவிடும் மாடசாமியை அழைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தீர்கள். என் எதிரிலேயே கேட்டீர்கள்.

“ஏன் மாடசாமி, நாலரைக்குத் தொறந்தா உனக்கு என்ன கஷ்டம்?”

“ஒரு கஷ்டமும் இல்லக்கா. நாலு மணிக்கே எந்திரிச்சு, டீயக் குடிச்சுட்டு, தொட்டிப் பக்கம் சும்மாதான் உக்காந்திருக்கேன். யாராச்சும் சொல்லணும்லா?”

“கேட்டியளா அண்ணாச்சி? ஊரு பூராக் கேட்டோம், இவன்ட்ட கேக்கல.”

செயல் அலுவலர் ஒரு வரியில் உத்தரவு எழுதினார். மறுநாளே நாலரைக்குத் தண்ணீர் வந்தது. தீர்மானம் எதுவும் தேவைப்படவில்லை.

நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் படிவத்தோடு வந்தீர்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. “கோட்டைப் பெருசாப் போடுங்க அண்ணாச்சி. நம்ம சனம் நெறைய எழுதும்” என்பீர்கள். நான் அரைப் பக்கம் விட்டுக் கொடுப்பேன். வந்த ஒவ்வொரு தாளின் ஓரத்தையும் இரண்டு முறை படித்தேன். நீங்கள் முன்போலவே என்னிடம் சிரித்துப் பேசியதை வைத்துத்தான் ஐந்தாவது குறிப்பை எழுதினேன்.

அதை விரித்து எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. நீங்கள் இறந்த அன்று துக்கத்துக்கு வந்திருந்தபோது நடந்ததை இங்கே எழுத வேண்டும். பந்தலில் நின்றுகொண்டிருந்தேன். சரசு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க சார், கால் வலிக்கும். அக்கா உங்களைப் பத்தி நல்லவிதமாத்தான் சொல்லுவாவ” என்றார். உட்கார்ந்தேன். அவருடைய தாளைப் படிக்காமல் கட்டி வைத்தவனும், அதைச் செல்லாது என்று சபையில் சொன்னவனும் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது என்று அப்போது புரிந்தது. பல ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தும் நீங்கள் அதைச் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தீர்களோ என்னவோ. அந்த நிழலில் அவர் கொடுத்த தண்ணீரையும் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆகவே, மெம்பரம்மா, ஐந்தாவது குறிப்பு தவறு. நீங்கள் என்னை மன்னிக்கவில்லை. மன்னிப்பது உங்கள் பொறுப்பும் இல்லை; போனது சரசுவின் வேலை, நின்றது அவர் மகளின் படிப்பு. அவர் இப்போது சேத்தூரில் இளைய மகள் வீட்டில் இருக்கிறார். நான் இப்போது குடியிருக்கும் மடவார் வளாகத்திலிருந்து ராஜபாளையம் போய் ஒரு பஸ் மாறினால் போதும். சொல்ல வேண்டியதையும் ஒரு தாளில் எழுதி, அடித்து, திரும்ப எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். இன்னும் போகவில்லை.