பெற்றோல் வரிசையில் நீ தந்த பன்னிரண்டு சொல்

அன்புள்ள மகன் சுகந்தனுக்கு,

பெற்றோலுக்குச் சனம் மூன்று நாள் வரிசையில் கிடந்த வருஷம், அம்மாவின் இடது கண்ணுக்கு வில்லை வைத்த வருஷம், கடையில் முட்டையை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிய வருஷம், அந்த வருஷம்தான் நீ கடைசியாக லீவில் வந்து நின்றாய். அதன் பிறகு உன் முகத்தை டெலிபோனில்தான் பார்க்கிறோம். நானும் அம்மாவும் முழங்காலைத் திட்டிக்கொண்டே நடமாடுகிறோம், நீயும் மருமகள் கீர்த்தனியும் அந்தக் குளிரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் சொல்லி வைத்திருக்கிறோம். நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் தங்கச்சி ஜெசிகா. "மெதுவாச் சொல்லுங்கோ அப்பா, எனக்கு ரெண்டு கைதான்" என்று இப்பவே ஏசுகிறாள். அவளுடைய மனுசன் டினேஷ் ஓட்டோவுக்குப் புது டயர் போட்டிருக்கிறான். அம்மா பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாள், ஆனால் கருவாட்டை விடுகிறாள் இல்லை. நீ ஒரு சொல் சொன்னால் கேட்பாள்.

அந்த வரிசையில் டினேஷின் ஓட்டோவுக்குள் நானும் நீயும் இரண்டு பகல் இருந்தது நினைவிருக்குமே. பத்து வருஷ உழைப்பைப் பிட்கொயினில் போட்டிருக்கிறேன் என்றாய். கையால் தொட ஏலாத காசு, எந்த அரசாங்கமும் அடிக்காத காசு, அதை எவன் நம்புவான் என்று கேட்டேன். "அரசாங்கம் அடிச்ச காசு என்ன மதிப்பில கிடக்குது எண்டு இந்த வரிசையைப் பாருங்கோ அப்பா" என்றாய். பிறகு நீ விளங்கப்படுத்தினாய், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கொம்பியூட்டர்களில் ஒரே பதிவு இருக்கிறது, யார் யாருக்குக் கொடுத்தான் என்பது எல்லாவற்றுக்கும் தெரியும், ஒன்று பொய் சொன்னால் மற்றவை ஏற்காது, மேலே பெரியவர் என்று ஒருவருமில்லை என்று. நான் சிரித்தேன். ஏன் சிரிக்கிறீர்கள் என்று நீ கேட்க வாய் திறந்தாய், முன்னுக்கு நின்ற வாகனம் நகர்ந்துவிட்டது, கதையும் அதோடு போய்விட்டது. இப்போது சொல்கிறேன்.

துறைமுகத்தில் மூட்டை இறக்க எங்கள் கூட்டத்தில் பதினாலு பேர் இருந்தோம், ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது. ஒரு கப்பலுக்கு ஆறு பேரைத்தான் எடுப்பார்கள், அதனால் முறை வைத்திருந்தோம். கப்பல் வரும் காலையில் ஜெட்டியில் வட்டமாக நின்று, இன்றைக்கு யார் யாருடைய முறை, எவன் தன் முறையை எவனுக்கு விற்றான் என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் ஓம் என்போம். ஒருவன் இல்லை என்று மறுத்தாலும் அது தீரும் வரைக்கும் ஒருவரும் மூட்டையில் கைவைப்பதில்லை. கங்காணி ஒருநாள் முறையை எழுதி வைக்கிறேன் என்று கொப்பியோடு வந்தார். எங்கள் கூட்டத்து மூதூர் ஸெய்னுதீன் அவரிடம், "சேர், உங்கட கொப்பி மழைக்கு நனையும், எங்கட வாய் நனையாது" என்றான், கங்காணியே சிரித்துவிட்டார். அறுபத்துநாலில் நத்தார்ப் பண்டிகைக்கு முந்திச் சூறாவளி அடித்து ஒப்பீசுக் கூரையும் கொப்பியும் போனபோது நாங்கள் நனைந்த சாரத்தோடு நின்று முறை சொன்னோம், ஒன்றுகூடப் பிசகவில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்த வட்டத்தில் நிற்கும்போது இருந்த தைரியம் பிறகு எந்த வங்கி வாசலிலும் எனக்கு வரவில்லை மகன்.

ஆனால் அது போன விதத்தையும் நீ கேட்க வேண்டும். தொண்ணூறில் சண்டை வந்து எல்லாரும் சிதறினோம். திரும்பி வந்தவர்கள் நாலு பேர். எங்களில் சின்னராசா காட்டுக்குள் காய்ச்சலில் செத்துப் போய்விட்டான். அவன் மனைவி இராசமலர் ஜெட்டிக்கு வந்து, என்ர மனுசன் இரண்டாவது முறை ஒன்று வாங்கினவர், அதைக் குத்தகைக்கு விட்டால் பிள்ளைகளைப் பார்ப்பேன் என்றாள். அவள் பொய் சொல்லுகிறவள் இல்லை என்று நாலு பேருக்கும் தெரியும். ஆனால் சின்னராசா அதை வாங்கினதாக வட்டத்தில் சொன்ன காலையில் நான் காய்ச்சலில் கிடந்தேன், மற்ற மூவரும் தம்பலகாமத்தில் அறுவடைக்குப் போயிருந்தார்கள். காதால் கேட்காததற்கு ஓம் சொல்வதில்லை என்பது எங்கள் சட்டம். அவள் சீலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு போனாள். நான் ஓம் என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருஷமாக அது எனக்குள் கிடக்கிறது.

இப்போது உன் விஷயம். அந்தக் காசைத் திறக்கிற சாவி என்று ஓட்டோவுக்குள் நீ சொல்லித் தந்த பன்னிரண்டு இங்கிலீசுச் சொல்லை, பொருள் தெரியாமல், சின்னனில் இலத்தீன் பூசைக்குப் பதில் சொல்லப் பழகின மாதிரித்தான் பழகினேன். தினமும் முகம் கழுவும்போது வாய்க்குள் முணுமுணுத்துப் பார்ப்பேன், அப்பாவுக்கு வெள்ளைக்காரப் பேய் பிடித்திருக்கிறது என்று ஜெசிகா பகிடி பண்ணுவாள். போன மாதம் நீ, போன் உடைந்துவிட்டது, அறை மாறியபோது எழுதி வைத்த கடதாசியும் துலைந்துவிட்டது, "அது அப்பாட்ட இருக்குத்தானே, டெலிபோனில சொல்லாதேங்கோ, கடிதத்திலயும் எழுதாதேங்கோ, வரேக்க கேக்கிறன்" என்று சிரித்தாய். நீ சிரித்த அடுத்த கிழமை எனக்கு டெங்கு. ஆசுப்பத்திரியால் வந்து சொல்லிப் பார்த்தால் ஒன்பதாவது சொல் இல்லை. மூன்று நாள் முதலிலிருந்து திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். நாலாம் நாள் சவரம் செய்யும்போது தானாக வந்தது, கன்னத்தையும் வெட்டிக்கொண்டேன். உன் காசை உலகம் முழுக்க நினைவு வைத்திருக்கிறது மகன், அதைத் திறக்கிற சொல் மட்டும் ஒரு கிழவனின் தலைக்குள் கிடக்கிறது. நீ நம்பின இடத்தில் பிழையில்லை, ஒரே ஓர் ஆளை நம்பினதுதான் பிழை.

மனது கேட்காமல் பஸ் ஏறி மூதூருக்கு ஸெய்னுதீனைப் பார்க்கப் போனேன். இரண்டு பேரும் இருந்து பழைய முறையைச் சொல்லிப் பார்த்தால் தலை சரியா பிழையா என்று தெரியும் என்று நினைத்தேன். அவன் மௌத்தாகி நாற்பது நாளாம். மகள் சுஹைரா தேத்தண்ணி தந்து, "வாப்பா கடைசிக் கிழமை முழுக்க ஆக்கள்ற பேராச் சொல்லிச் சொல்லிக் கிடந்தாரு, எங்களுக்கு ஒண்டும் வெளங்கல்ல, உங்கட பேரும் வந்திச்சு" என்றாள். ஓம் சொல்ல நான் பக்கத்தில் இருக்கவில்லை.

ஆகையால் ஒன்றைச் செய். தவக்காலத்துக்கு முன்னம் வந்து உன் காதால் கேட்டுக்கொண்டு போ. ஏலாது என்றால் ஜெசிகாவுக்குச் சொல்ல எனக்கு அனுமதி தா. இதைச் சொல்லும்போது பேனையை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள், இவ்வளவு நாளும் ஒரு சொல்கூட அவளுக்குச் சொல்லவில்லை, உனக்குத் தந்த வாக்கு. உனக்கும் மருமகளுக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம், மாதா உங்களைக் கைவிடமாட்டா. பதில் போடப் பிந்தாதே, காதுக்குக் குளிர் பட விடாதே.

கைநாட்டு வைப்பது,
ஜெட்டியில் முறை சொன்னவர்களில் இன்னும் உயிரோடு இருக்கிற ஒருவன்,
உன் அப்பா
பஸ்தியாம்பிள்ளை
லிங்கநகர், திருகோணமலை