தறி அறையில் வைத்த பேட்டரி

ஆரணி,
பங்குனி மாதம், 2009.

அன்பு மகன் விக்னேசுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் இரண்டு வார்த்தை திருத்துகிறார், அதனால்தான் கடிதம். இதைப் படித்துவிட்டு அவரிடம் சண்டைக்குப் போகாதே. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேவிப்ரியாவின் முகூர்த்தப் புடவையைத் தன் கையாலேயே நெய்ய வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக உட்கார்ந்தது உனக்குத் தெரியும். இந்தக் கரண்ட் கட்டில் பொழுது சாய்ந்தால் இழை தெரிவதில்லை, லைன் கரண்ட் வந்து பேட்டரி நிரம்புவதற்குள் மறுபடியும் போய்விடுகிறது, மாடியில் சோலார் தகடு போட்டு இன்வெர்ட்டர் வையுங்கள் என்று நீதான் சொன்னாய். இரண்டு விஷயம் படித்துப் படித்துச் சொன்னாய், சைன் வேவ் இன்வெர்ட்டராக வாங்குங்கள், இல்லாவிட்டால் ஃபேன் உறுமும் என்று ஒன்று, பேட்டரி நிரம்பினதும் சோலார் கரண்ட்டை நிறுத்துகிற கண்ட்ரோலர் பெட்டியையும் கூடவே வாங்குங்கள் என்று இன்னொன்று. உன் அப்பா எப்போதும் பாதிப் பேச்சுதானே கேட்பார். முதலாவதைக் கேட்டார், இரண்டாவதற்கு வந்தபோது, மாட்டிக் கொடுத்த அருள்தாஸ் அவ்வளவு சொல்லியும், அதான் சூரியன் சாயங்காலம் தானா நின்னுபோறானே, அதுக்கு எதுக்கு தனியா ஒரு பொட்டி என்று சொல்லிவிட்டார். அவன் பேட்டரியைக் காற்றாட வெளியே வைக்கச் சொன்னதற்கும், வொயர் நீளமாப் போகும், தறிகிட்டயே இருக்கட்டும் என்று தறி அறை மூலையில் வைத்துவிட்டார். விளக்கு எரிந்தது, ஃபேன் சத்தமில்லாமல் ஓடியது, தெருவே இருட்டில் கிடக்க நம் வீட்டில் மட்டும் வெளிச்சம், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லுவானேன்.

கொஞ்ச நாளில் அந்த அறையில் முட்டை அழுகின மாதிரி ஒரு நாற்றம். சாக்கடை என்று நானும், செத்த எலி என்று அவரும் சண்டை போட்டுக்கொண்டு பினாயிலாக ஊற்றினோம். அப்புறம்தான் பார்த்தால் பாவில் கரைக்கு ஓட்டியிருந்த ஜரிகை மங்கிப் பழுப்பாகி, கறுக்க ஆரம்பித்துவிட்டது. முகூர்த்தப் புடவையில் கறுப்பு! உன் அப்பாவுக்கு வந்த கோபத்தில் சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் ஜரிகை வாங்கிய பரசுராமன் மாமா கடைக்கு ஓடினார். மாப்பிள்ளை ஹேமநாத்துக்கு அவர் சொந்தத் தாய்மாமன் என்பது அந்த நேரத்தில் எங்கே ஞாபகம் இருந்தது. கடை நிறைய ஆள் இருக்கும்போது, இத்தினி வருசம் உன்கிட்ட வாங்கினேன், கடைசீல என் பொண்ணு புடவைக்கா போலி ஜரிகை குடுத்த என்று கத்திவிட்டு வந்திருக்கிறார். அவர் பதிலுக்குக் கத்தவில்லையாம், இப்ப போயிட்டு அப்பால வா மாணிக்கவேலு என்று மட்டும் சொன்னாராம். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. தங்கை மகன் கல்யாணத்தில் முன்னால் நிற்க வேண்டிய மனுஷன், ஒரு வார்த்தை அங்கே போய்ச் சொன்னால் தட்டு மாற்றிய சம்பந்தம் என்ன ஆகும்? போன் அடிக்கும்போதெல்லாம் தேவிப்ரியா முகம் போன போக்கை நான் பார்த்தேன். சாமி கும்பிடக்கூட மனசு ஓடவில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை தறி அறை அலமாரியைத் திறந்தேன். தேவிப்ரியா சீருக்கு நகைக்கடையில் வாங்கிய வெள்ளிக் காமாட்சி விளக்கை விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்து அங்கேதான் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் அடுப்புக்கரியில் புரட்டின மாதிரி இருக்கிறது. இதையுமா பரசுராமன் அண்ணன் போலியாகக் கொடுத்தார்? அப்போதுதான் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த மூலைக்குப் போனேன், பேட்டரி உலை மாதிரி கொதித்துக்கொண்டிருக்கிறது. அருள்தாஸைக் கூப்பிட்டனுப்பினோம். வந்தவன் முதலில் ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தான், நிரம்பின பேட்டரிக்குள்ள நாள் பூரா கரண்ட் போய்கினே கீது, அதுலேர்ந்து வர்ற காத்து பட்டா வெள்ளி கறுக்கும், ஜரிகைல கீற வெள்ளியும்தான், உங்க உடம்புக்கும் ஆவாது, ஜல்தியா வெளிய எடுங்க என்றான். உன் அப்பா தறியோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இப்ப இன்னாடி பண்றது என்றார். எங்க நின்னு கத்தினீங்களோ அங்கயே போய் நின்னு சொல்லுங்க என்றேன். விளக்கை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நானும் கூடவே போனேன், தனியாக விட்டால் வழியில் டீக்கடையிலேயே உட்கார்ந்துவிடுவார் என்று எனக்குத் தெரியாதா.

அன்றைக்கும் கடையில் ஆள் இருந்தார்கள். உன் அப்பா, ஜரிகை மேல தப்பு இல்ல, பேட்டரிய தறிகிட்ட வெச்ச என் மேலதான் தப்பு, எல்லார் எதிருலயும் சொல்றேன் மன்னிச்சுக்க என்றார். பரசுராமன் அண்ணன் விளக்கைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், சிரித்தார், உள்ளே போய்ப் புது ஜரிகை எடுத்து வந்து, மூஞ்ச பாத்துகினு நிக்காத, நாள் இல்ல, போய் தறியில உக்காரு என்றார். எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை, அண்ணா, உங்க தங்கச்சி வூட்ல இன்னா நெனச்சாங்களோ என்று இழுத்தேன். அதற்கு அவர், நான் யார்கிட்டயும் சொல்லல ரேணுகா, சொல்லியிருந்தா நாளைக்கு அந்தப் பொண்ணு எங்க வூட்டுக்கு வர்றப்போ இந்தப் பேச்சும் கூடவே வந்துடும், நம்ம சண்டைக்கு அது ஏன் தல குனியணும் என்றார். தன்னைத் திருடன் என்று கத்திவிட்டுப் போன ஆளின் மகளுக்காக அந்த மனுஷன் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார், விக்னேசு. கடை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

கறுத்த இழையை எடுத்துவிட்டுப் புது ஜரிகை ஓட்டியாகிவிட்டது, முள்ளிப்பட்டிலிருந்து ஆள் வந்து இழைக்கு இழை முடிச்சுப் போட்டுப் பிணைத்துக் கொடுத்தார். இப்போது கரை தகதகவென்று இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்னால், வைகாசிக்குள் புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்துவிடலாம். கண்ட்ரோலரும் வந்துவிட்டது. பேட்டரி தோட்டத்துப் பக்கம் தகரத்துக்கு அடியில் காற்றாட இருக்கிறது. மாதம் ஒரு தரம் கோடு வரைக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் ஆகாது, முனையில் வாஸ்லின் தடவ வேண்டும், மிக்ஸி கிரைண்டரை இதில் போடக்கூடாது என்று அருள்தாஸ் சொன்னதை உன் அப்பா இப்போது தெருவில் இன்வெர்ட்டர் வாங்குகிறவர்களுக்கெல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார். போகட்டும், வீட்டில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்கிறதே, அது போதும்.

நீ எண்ணெய் தேய்த்துக் குளி, மோர் நிறையக் குடி. கல்யாணத்துக்கு வர லீவுக்கு இப்போதே எழுதிப் போடு. ஊருக்கு வந்ததும் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே வீட்டுக்கு வராதே, பெட்டியோடேயே பரசுராமன் மாமா கடைக்குப் போய் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வா. ஒன்றும் பேச வேண்டாம், எதற்கு என்று அவருக்குத் தெரியும்.

நோய் நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும்.

உன் அம்மா,
மா. ரேணுகாம்பாள்