ஐம்பது கேபியில் ஒரு முகம்

இன்று காலை அந்த வெள்ளை வேட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டேன். சொட்டுநீல வாசனை வந்ததும் நீ வந்துவிட்டாய். போட்டோ எடுக்க வருகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நாம் கட்டித் தொங்கவிட்ட, உன் வீட்டுக்காரரின் பழைய வேட்டி அது. பின்னணி வெள்ளையாக இல்லையென்றால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள் என்று வாரம் தவறாமல் நீலம் போட்டு அலசுவாய். நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. இப்போது நான் துவைக்கிறேன், உன்னைத் திட்டிக்கொண்டேதான்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் நாம் இருவரும் சேர்ந்து வைத்த ஆன்லைன் சென்டரில் கூட்டம் குறையவில்லை. வேலைக்கு விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், பட்டா என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். பாதிப் பேருக்குப் போட்டோ ஏற்ற வேண்டும். அது ஐம்பது கேபிக்குள் இருக்க வேண்டும். செல்போனில் எடுத்த படம் அதைவிடப் பல மடங்கு கனம். 'கேபி ஜாஸ்தியா இருக்கு, கம்மி பண்ணிக் குடுங்க' என்பது இங்கே வருகிறவர்களுக்கு மனப்பாடம். அப்படிச் சுருக்கிக் கொடுப்பதில்தான் நம் பொழுது பாதி போகும்.

எனக்கு எப்போதும் அவசரம். ஏதாவது ஒரு இணையதளத்தில் படத்தை ஏற்றினால் சுருக்கித் தந்துவிடும், அடுத்த ஆளைக் கூப்பிடலாம். நீ விட மாட்டாய். எவனோ ஒருவனுடைய கம்ப்யூட்டருக்கு ஊரார் வீட்டுப் பெண்களின் முகத்தை எதற்கு அனுப்ப வேண்டும் என்பாய். தேடித் தேடி ஒரு பக்கத்தைப் பிடித்தாய். படத்தை எங்கும் அனுப்பாமல், நம் கம்ப்யூட்டரிலேயே, பிரவுசருக்குள் வைத்தே சுருக்கித் தருகிற பக்கம். அதையும் நீ லேசில் நம்பவில்லை. பக்கம் திறந்ததும் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் படத்தைப் போட்டுப் பார்த்தாய். நெட் இல்லாமலே வேலை நடந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆளுக்கும் ஒயரைப் பிடுங்குவதும் மாட்டுவதும்தான். ஒரு போட்டோவுக்கு இவ்வளவு ஆச்சாரமா என்று கேலி செய்வேன். காதில் வாங்க மாட்டாய்.

அடி அண்ணாமலையிலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாரே. வேறு எங்கோ கொடுத்த போட்டோ யார் யார் போனிலோ சுற்றி, நிச்சயம் பண்ணின இடம் கலைந்துபோன பெண். வேட்டிக்கு முன்னால் உட்காரவே மாட்டேன் என்றாள். நீ ஒயரைப் பிடுங்கி அந்த அம்மாவின் கையில் கொடுத்தாய்.

"கெட்டியா பிடிச்சிக்கங்கம்மா. இது உங்க கையில இருக்கிற வரைக்கும் உங்க பொண்ணு முகம் இந்த ரூமைத் தாண்டாது. அப்புறம் விண்ணப்பத்துக்கு மட்டும்தான் போவும்."

பாம்பைப் பிடித்தவர் மாதிரி அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

கடை சாத்துமுன் அன்றைய படங்களை எல்லாம் அழிப்பாய். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்வாய். ஒரு பரீட்சைக்கு நீயே விண்ணப்பம் போட்டபோது உன்னை நான்தான் எடுத்தேன். போட்டோ என்றாலே ஒளிந்துகொள்கிறவள், வேறு வழியில்லாமல் நேராகப் பார்த்தாய். திரை முழுக்க உன் முகம். இடது புருவத்துக்கு மேலே அம்மைத் தழும்பு, மூக்குத்தி ஓரத்தில் வேர்வை, சிரிப்பை அடக்குகிற வாய். பிறகு அதை ஐம்பது கேபிக்குச் சுருக்கினோம். சாயங்காலம் பெரிய படத்தை அழிக்கப் போனாய். உன்னுடையதுதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்டி" என்றாய்.

அழித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாய்.

கொஞ்ச நாளிலேயே காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. உன் வீட்டுக்காரர் ஆட்டோவை வெளியே நிறுத்திவிட்டு வந்து, உன் போட்டோ ஒன்று வேண்டும் என்று நின்றார். காரியத்துக்குப் படம் வைக்க வேண்டும். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்ட வேண்டும். கல்யாண ஆல்பத்தில் இருப்பது பவுடர் பூசிய வேறு யாரோ. உன் போனைத் திறக்கும் நம்பர் யாருக்கும் தெரியாது. விண்ணப்பத்தோடு ஏற்றிய அந்தச் சின்னப் படம் மட்டும், உன் விண்ணப்பத்தின் நகலில், என்னிடம் இருந்தது. அதைப் பெரிதாக்கினேன். முகம் கட்டம் கட்டமாகக் கலைந்தது. சுருக்கும்போது போனது திரும்பி வராது என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவள்தான் நான். ஆனாலும் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

படத்தை ஏற்றினால் முகத்தைப் பளிச்சென்று ஆக்கித் தருகிற இணையதளம் இருப்பதாகப் பேனர் கடையில் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதைச் செய்து தரும்படி கேட்டார். நான் மாட்டேன் என்றேன். உன் முகத்தை அப்படி அனுப்ப எனக்குக் கை வரவில்லை. சின்னதாகவே பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"இத்துனூண்டு படத்துக்கு எப்படிங்க மாலை போடறது?"

அவர் மனைவியின் படம், அவருக்கு இல்லாத உரிமையா எனக்கு? படத்தை அவர் போனுக்கு அனுப்பி வைத்தேன்.

மறுநாள் தெருமுனையில் ஒரு பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். மெழுகின மாதிரி கன்னம். தழும்பு இல்லை, கண்ணும் உன் கண் இல்லை. அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். அது அம்மா இல்லை, அம்மா இல்லை என்று அழுதாள். தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு உன் மேல்தான் கோபம். அத்தனை பேர் முகத்தையும் காப்பாற்றினாய். உன் பிள்ளைக்கு என்று ஒன்றை விட்டுவைக்கத் தோன்றவில்லையே உனக்கு.

பேனரை அப்போதே அவிழ்த்துவிட்டார்கள். அதே முகம் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறது. தினமும் அதற்குப் பூ வைக்கிறார்கள், விளக்கேற்றுகிறார்கள். போன வாரம் உனக்கு வருஷத் திதி. அதற்கு மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் உன் மகள் சென்டருக்கு வந்தாள். உன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் காட்டலாம் என்று அந்தச் சின்னப் படத்தைத் திரையில் திறந்தேன். கிட்டே போய், மூக்கு இடிக்கிற அளவுக்குப் பார்த்தாள்.

"இது யாரு சித்தி?"

உங்கம்மா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். அம்மா வீட்டுல இருக்காங்க, படத்துல, பெரிசா, என்று எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அவளுக்குக் கும்பிட ஒரு முகமாவது இருக்கிறது. படத்தை மூடிவிட்டு, அவளுக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

உன் முகம் முழு அளவில் என் கண்ணுக்குள் இருக்கிறது. அதை அவளுக்கு எப்படிக் கொடுப்பதென்றுதான் தெரியவில்லை.