அப்பாவின் இரண்டரை அங்குலம்

என் செல்ல நட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் சுகம். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, என் முழங்கால் மட்டும் மழை வருவதை ஒரு நாள் முன்பே வலித்துச் சொல்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் உன் கப்பலும் அதன் வயிற்றுக்குள் நீ மேய்க்கிற இன்ஜின்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போன வாரம் போனில், வண்டியைத் தூக்குகிற லிஃப்ட் வாங்கியாச்சா என்று கேட்டாய், வாங்கியாச்சு என்றேன், எது என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. எது, எப்படி, அப்பா ஏன் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார் என்பதையெல்லாம் இரண்டு நிமிடப் போனில் சொல்ல முடியாது. அதனால் தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ அடுத்த துறைமுகத்துக்குப் போகும்போது இது உனக்காகக் காத்திருக்கும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள்.

எதிர் வீட்டு டீச்சருடைய கார் ஜாக்கியிலிருந்து சரிந்து விழுந்த கதை உனக்குத் தெரியும். ஆனால் உன்னிடம் சொன்னதில் பாதியை மறைத்துவிட்டேன். அப்பா ஷெட்டில் இல்லாத நேரத்தில் விழுந்தது என்று சொன்னேன் அல்லவா, அவர் அடியிலிருந்து வெளியே வந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டீ ஆறிப்போகிறது, மறுபடி சுட வைக்க நான் என்ன ஹோட்டலா நடத்துகிறேன் என்று கத்தினேன், முணுமுணுத்துக்கொண்டே வந்தார், டம்ளரைக் கையில் வாங்கினார், பின்னால் அந்தச் சத்தம். டீயை முழுக்கக் குடித்துவிட்டு, இன்னிக்கு டீ நல்லா இருக்கு என்றார், அவ்வளவுதான். நான் மூன்று நாள் தூங்கவில்லை. நீ லிஃப்ட் வாங்கித்தான் ஆக வேண்டும், என் செலவு என்று பிடிவாதம் பிடித்தபோது மனசுக்குள் உன்னைக் கட்டிக்கொண்டேன். வெளியே காட்டாததற்குக் காரணம், அப்பா வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் தரையில் படுத்துச் செய்தவனுக்கு இனிமேல் என்ன சொகுசு என்று பேச்சு. ஆனால் விலைப்பட்டியல் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் ஓரம் மடங்கியிருந்தது. இரண்டு தூண் லிஃப்ட். இரண்டு பக்கமும் இரும்புத் தூண், நான்கு கை நீட்டி வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது, அடியில் ஆள் நின்று வேலை செய்யலாம். எதற்கு இதில் இவ்வளவு ஆசை என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். அப்புறம் சொன்னார், சின்ன வயதில் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் லிஃப்ட் ஒன்றுதான் இருந்ததாம், அது முதலாளியின் மச்சானுக்கு, இவருக்குத் தரையும் சக்கரம் வைத்த பலகையும்தான். அதைச் சொல்லிவிட்டு, “ஒரு தடவையாவது வண்டிக்கு அடியில நிமிர்ந்து நின்னு பாக்கணும்” என்றார். உன் அப்பா தனக்கென்று எதையாவது கேட்டு நீ பார்த்திருக்கிறாயா, நான் பார்த்ததில்லை.

லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார், நடுவயது, டை கட்டியிருந்தார், பேச்சில் சர்க்கரை தடவியிருந்தாலும் வேலையில் சுத்தம். முதலில் தரையைத் துளை போட்டுப் பார்த்தார். தூணைப் பிடித்து நிறுத்துகிற அளவுக்குக் கான்கிரீட் கனமாக இருக்க வேண்டுமாம், பெரும்பாலான வீடுகளில் இங்கேயே காரியம் கெட்டுவிடுமாம். நம் ஷெட்டில் ஆறு அங்குலம் இருந்தது. இந்தத் தரையை அப்பா போட்டபோது, கார் நிறுத்தவா கோட்டை கட்டவா என்று கொத்தனார் கேலி பண்ணினாரே, அதை அப்பா வந்தவரிடம் இரண்டு தடவை சொன்னார். அப்புறம் அவர் ஒரு சின்னக் கருவியை வைத்துச் சிவப்புப் புள்ளி அடித்து உயரம் பார்த்தார். குறுக்கே போகிற பீமுக்கு அடியில் ஒன்பது அடி பதினோரு அங்குலம். ஃபாரத்தில் ஏதேதோ எழுதிக்கொண்டே, அடியில் நின்று வேலை செய்பவர் உயரம் என்ன என்று கேட்டார். அப்பா யோசிக்கவே இல்லை, ஐந்தடி எட்டு அங்குலம் என்றார். அந்த மனிதர் கூட்டிப் பார்த்தார், ஆள் உயரம், தலைக்கு மேல் ஒரு அங்குலம், அதற்கு மேல் வண்டியின் உடம்பு நாலேகால் அடி, எல்லாம் சேர்ந்து பத்தடி வந்துவிட்டது. ஒரு அங்குலம் போதவில்லை சார், வண்டிக் கூரை பீமில் இடிக்கும் என்றார். இதற்குப் பதிலாகக் கத்திரி மாதிரி விரிகிற லிஃப்ட் இருக்கிறது, இடுப்பு உயரத்துக்குத் தூக்கும், ஸ்டூலில் உட்கார்ந்து செய்யலாம், வயதானவர்களுக்கு அதுதான் வசதி என்றும் சொன்னார். வயதானவர் என்ற வார்த்தையை அவர் விழுங்கியிருக்கலாம்.

அப்பா சிரித்த முகமாகவே, வீட்ல கேட்டுட்டு சொல்றேன் என்று அனுப்பி வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் வீட்டில் கேட்காத மனிதர் அப்படிச் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கே புத்தகம் தலையணைக்கு அடியிலிருந்து பழைய பேப்பர் கட்டுக்குப் போய்விட்டது. உட்கார்ந்து செய்வதற்குத் தரையே போதும், நட்டுவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு என்றார். மறுநாள் காலையில் அதே ஜாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார், டீச்சர் கார் வாசலில் நின்றது.

நட்டு, இந்த இடத்தில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். உன் அப்பா ஐந்தடி எட்டு அங்குலம் இல்லை. எனக்கு அது ரொம்ப வருடமாகத் தெரியும். கல்யாணத்திலிருந்து அவர் சட்டை எல்லாம் நான்தானே தைக்கிறேன். முதல் சட்டைக்கு நீளம் முப்பது. பல வருடம் கழித்து அதே அளவில் ஒன்று தைத்துக் கொடுத்தேன், போட்டுப் பார்த்துவிட்டு என்ன இப்படித் தொங்குகிறது என்றார். துணி தொய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு அன்றைக்கு மத்தியானமே அடியை மடித்துத் தைத்தேன். அப்புறம் அவரைக் கேட்காமலே கால் அங்குலம், அரை அங்குலம் என்று குறைத்துக்கொண்டே வந்தேன். கை நீளம் அன்று எடுத்ததுதான் இன்றும், முதுகு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. எப்படிச் சொல்வேன். நீ கப்பலுக்குக் கிளம்பிய அன்று வாசலில் நீயும் அப்பாவும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று யார் உயரம் பாரு என்றீர்கள். நான் ஸ்கேலை உன் தலையில் வைத்துவிட்டு, அப்பாதான் ஒரு விரல் கூட என்று தீர்ப்புச் சொன்னேன். பொய். அந்தப் பொய்யிலேயே அவர் வருடக்கணக்காக நிமிர்ந்து நடந்தார். சட்டை சரியாக இருக்கிறவரைக்கும் மனிதனுக்குத் தன் உடம்பு தெரியாது, அவருக்குத் தெரியாமல் போனது என் தையலால்தான்.

ஜாக்கியா பொய்யா என்று வந்தபோது பொய்யை விட்டுவிட்டேன். அளவு நோட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். அவருடைய பக்கத்தைத் திறந்து பானெட் மேல் வைத்தேன், செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து நில்லுங்கள் என்றேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தலைக்கு மேல் ஸ்கேலை வைத்துத் தையல் சாக்பீஸால் கோடு போட்டேன், டேப்பை அவர் கையிலேயே கொடுத்தேன். ஐந்தடி ஐந்தரை அங்குலம். மறுபடி அளந்தார். அப்புறம் நோட்டைப் படித்தார், முப்பது, இருபத்தொன்பதே முக்கால் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்து. நான் மெஷினுக்கே ஓடிவிடலாமா என்று நின்றேன்.

“ரெண்டரை அங்குலம் எங்கடி போச்சு” என்று கேட்டார்.

“எங்க போகும், மத்தவங்க வண்டிக்கு அடியில மடங்கி மடங்கிக் கிடந்தீங்களே, அங்கதான் போச்சு. அதுலதான் நம்ம பொண்ணு இன்ஜினியர் ஆனா” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, எனக்கு எதையும் சொல்லி முடிக்கத் தெரியாது என்று உனக்குத்தான் தெரியுமே. அவர் அழவில்லை. சுவரில் இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கூட்டிப் பாருங்கள், அந்த ஆள் போட்ட கணக்கில் உங்கள் உயரத்தை மட்டும் மாற்றிக் கூட்டிப் பாருங்கள் என்றேன். அதே சாக்பீஸை வாங்கிச் சுவரில் கூட்டினார். ஒன்பதடி ஒன்பதரை அங்குலம் வந்தது. பீமுக்குக் கீழே ஒன்றரை அங்குலம் மிச்சம். ஒரு அங்குலம் இடிக்கும் என்றார்களே, அதுவும் போய் மேலே ஒன்றரை மிச்சமாகிவிட்டது. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, “அப்ப நான் நிக்கலாமா” என்று கேட்டார். முதல் தடவை சைக்கிளில் ஏறும்போது நீ கேட்டாயே, அதே குரல்.

டை கட்டியவர் மறுபடி வந்தார். அப்பாவே வாசலுக்குப் போய், ஃபாரத்துக்குத் தப்பா சொல்லிட்டேன் சார், என் உயரம் ஐந்தடி ஐந்தரை என்று சத்தமாகச் சொன்னார், டீச்சருக்கே கேட்டிருக்கும். வந்தவர் மறுபடி சிவப்புப் புள்ளி அடித்தார், தரையிலும் சுவரிலும் நான் டேப் பிடித்தேன், அவர் கருவியும் என் டேப்பும் ஒத்துப்போனது, அம்மாவுக்கு எங்க கம்பெனியில வேலை இருக்கு என்றார். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் ஏறாதபடி தானாக நின்றுவிடுகிற ஸ்விட்ச் ஒன்று வைத்துக் கொடுத்தார்கள். கூரை உயரமான வண்டி வந்தால் அவ்வளவு தூக்க முடியாது, அதற்கு அப்பா ஸ்டூலில்தான் உட்கார வேண்டும், அதற்கு ஒப்புக்கொண்டார். தூணில் பூட்டு விழாமல் அடியில் போக மாட்டேன் என்று என் தலையில் கை வைத்துச் சொல்லியிருக்கிறார், நீயும் போனில் ஒரு தடவை மிரட்டி வை.

முதலில் ஏறியது டீச்சர் கார்தான். பூட்டு இரண்டு பக்கமும் டக்கென்று விழுந்தது, அப்பா குனியாமல் உள்ளே நடந்து போய் நின்றார். எந்தச் சத்தமும் இல்லை. ஏதாவது ஆகிவிட்டதோ என்று எட்டிப் பார்த்தால், இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். என்னையும் கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் ஒரு காரின் அடியை நான் பார்த்ததே இல்லை. சட்டையை உள்பக்கம் திருப்பினால்தான் தைத்தவள் யார் என்று தெரியும், அது மாதிரி இருந்தது. ஒரு இடத்தைக் காட்டி, இது நான் வச்ச வெல்டிங், பதினோரு வருஷம் ஆச்சு, இன்னும் முடி அளவு விரிசல் இல்லை பார் என்றார். நான் தொட்டுப் பார்த்தேன். என் புருஷன் எவ்வளவு பெரிய வேலைக்காரன் என்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். எனக்குத் தலைகால் புரியாத பெருமை, யாரிடம் சொல்வது, அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன்.

உன்னைப் பற்றிய பெருமையோ கேட்கவே வேண்டாம். ஷெட்டுக்கு வருகிற ஒவ்வொருவரையும் சுவருக்குக் கூட்டிப்போய் அந்தக் கோட்டைக் காட்டுகிறார். இது என் உயரம், என் பொண்ணு ஐந்தடி ஏழு, என்னைவிட ஒன்றரை அங்குலம் உயரம், கப்பலையே ஓட்டுகிறாள் என்கிறார். கப்பலை ஓட்டுவது வேறு ஆள், இவள் இன்ஜினைத்தான் பார்க்கிறாள் என்று நான் திருத்தினால், இன்ஜின் இல்லாமல் அது என்ன தெப்பமா என்று என்னையே மடக்குகிறார். பெண் பிள்ளைக்கு ஸ்பேனர் கொடுத்து வளர்க்கிறாய், உனக்கென்ன நட்டு கழன்றுவிட்டதா என்று அன்றைக்கு அவரைக் கேட்டவர்களும் இப்போது தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

உன் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, இன்ஜின் ரூமில் காதுக்கு வைப்பதை மறக்காமல் வை. உன் உயரத்தை வேறு யாரையாவது அளக்கச் சொல்லி எழுது, நம் வீட்டு ஆட்கள் அளந்தால் பொய் வரும். நூறு வயது வரைக்கும் தலை நிமிர்ந்து நன்றாக இரு மகளே, எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. இன்னொன்று, லிஃப்டை உனக்காக இன்னும் ஏற்ற அந்த ஸ்விட்ச் விடாது, அடியில் நீ நின்றால் தலை இடிக்கும். அதற்காக அப்பா என்னிடம் ஸ்பாஞ்ச் வைத்து ஒரு மெத்தை தைத்து வாங்கி, நீ நிற்கப் போகிற இடம் என்று அவராகவே முடிவு செய்த இடத்துக்கு மேலே, வண்டி ஏறும்போதெல்லாம் கட்டிப் பார்க்கிறார். அடியில் அவர் நடந்தால் அது அவர் தலையைத் தொடுவதில்லை. நீ வந்து ஒரு தடவை அதில் இடித்துக்கொள்ள வேண்டும், அதைப் பார்க்கத்தான் அவர் காத்திருக்கிறார்.

உன் சட்டை அளவை இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிற,
அம்மா