அம்மாவின் முறை வந்தது

என் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் செல்ல அம்மணி எழுதுவது. தேங்காய் விலை ஏறியிருக்கிறது. இதை முதலில் சொல்லாவிட்டால் மற்ற எதையும் நீங்கள் காதில் வாங்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தெற்குப் பக்கம் வாடல் நோய் விழுந்த மரங்களை வெட்டிவிட்டுப் புதுக் கன்று வைத்திருக்கிறேன். உங்கள் கணக்கைவிட இடைவெளி கொஞ்சம் கூடுதலாக விட்டிருக்கிறேன். திட்டுவதானால் மொத்தமாகத் திட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்து சொல்லப்போவது இதைவிடப் பெரியது.

அம்மா இப்போது அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். யாருக்கும் தெரியாமல் ஒருநாள் போய்விட்டு வந்த கதை இல்லை. செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் போகிறாள்.

நீங்கள் போன மறுவருஷம் அம்மாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. சர்க்கரை நோய் இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்துவிட்டது என்றார்கள். இனி வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ் செய்ய வேண்டும். இரத்தத்தை இயந்திரத்துக்குள் ஓடவிட்டுச் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் ஏற்றுவார்கள். நிறுத்தினால் அம்மா நமக்கு இல்லை. ஒருமுறை செலவழித்துவிட்டு மறந்துவிடுகிற வைத்தியமும் இல்லை. ஆயுள் முழுக்க.

முதலில் பொள்ளாச்சியில் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனேன். தோப்பு காய்க்கக் காய்க்க அந்த இயந்திரம் குடித்தது. இப்படியே போனால் அம்மாவுக்கு முன்னால் தோப்பு போய்விடும் என்று புரிந்தபோது, மலையாள எல்லைக்குள் நம் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலேயே இது இலவசமாக நடக்கிறது, அங்கே போகலாம் என்றேன். அம்மா சோற்றை வடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"உங்கப்பாரு மிதிக்காத வாசலை நான் மிதிக்கோணுமா? செத்தாலும் சரி, தர்மாஸ்பத்திரில போய்ப் படுக்கமாட்டேன்."

உங்கள் சொல்தான் அப்பா அது. "நாம குடுக்கற கை அம்மணி, வாங்கற கை இல்ல" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? அரசு ஆஸ்பத்திரி என்பது ஏதோ அன்னதானக் கூடம்போலவும், அங்கே போனால் நம் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும்போலவும் நினைத்தீர்கள். நம் ஒரம்பரை, சொந்தபந்தங்களும் லேசுப்பட்டவர்களா? யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் 'என்ன நோவு' என்று கேட்பதற்கு முன்னால் 'எந்த ஆஸ்பத்திரி' என்று கேட்பார்கள். கோயம்புத்தூரில் பெரிய பேராக ஒன்றைச் சொன்னால் வேன் வைத்துக்கொண்டு பார்க்க வருவார்கள். சின்னப் பேராகச் சொன்னால் ஆரஞ்சு எண்ணிக்கை குறையும்.

அன்று காலையில் உங்களுக்கு நெஞ்சு அடைத்தபோது கார் அந்த அரசு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் போனது. உங்கள் மாப்பிள்ளை வண்டியை மெதுவாக்கினார். நீங்கள் பேச முடியாத நிலையிலும் கையை நீட்டி, போ போ என்று காட்டினீர்கள். கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தபோது நீங்கள் இல்லை. அங்கே நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை.

கோபப்படாமல் கேளுங்கள். தர்மம் என்று நீங்கள் சொன்னது பாதிக் காரணம்தான் என்று நான் நினைக்கிறேன். மீதிக் காரணம் அந்த வரிசை. நம் தோப்பில் காய் போடுகிற ஆள் முன்னால் நிற்க, அவருக்குப் பின்னால் ஓபி சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் நிற்க வேண்டும். அதுதான் உங்களுக்கு ஆகவில்லை. அதை மானம் என்று சொல்லிக்கொண்டீர்கள். எனக்கு உங்கள்மேல் அவ்வளவு பிரியம் இருந்தும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

ஏனென்றால் வரிசையில் நிற்க உங்களுக்குத் தெரியாதா என்ன? வாய்க்காலில் தண்ணீர் வரும்போது நம் முறை எப்போது வருமோ அப்போதுதான் மடையைத் திறப்பீர்கள். மேற்கே அரைக் காணி வைத்திருந்தவனின் முறை முடியும்வரை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருப்பீர்கள். அப்போது உங்கள் மானம் எங்கேயும் போகவில்லை. ஆழியாற்றுத் தண்ணீர் வராத வருஷங்களில் வெயிலில் ரோட்டில் உட்கார்ந்து கத்தினீர்களே, "தண்ணி எங்க உரிமை, பிச்சை இல்லை" என்று. சின்னப் பெண்ணாக நானும் உங்கள் மடியில் இருந்து கத்தினேன்.

இதைத்தான் அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, வாய்க்கால் தண்ணிய என்னிக்காச்சும் தர்மத் தண்ணின்னு சொன்னாரா அப்பா? அதுவும் அரசாங்கம் குடுக்கறதுதான. பயிருக்குக் கேட்டா உரிமை, உசுருக்குக் கேட்டாப் பிச்சையா?"

அம்மா சோற்றைத் திரும்ப அடுப்பில் வைக்க மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் விடிந்ததும், "எத்தன மணிக்குப் போகோணும்?" என்று கேட்டாள்.

நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் போனபின் பெட்டிக்குள் வைத்திருந்த அரக்குப் பட்டுப்புடவை, கழுத்தில் மூன்று சங்கிலி, கை நிறைய வளையல். கல்யாணத்துக்கு வந்த சம்பந்திபோல ஓபி வரிசையில் நின்றாள். இல்லாதப்பட்டவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம். நர்ஸ் பார்த்துச் சிரித்துவிட்டு, ஊசி ஏற்றுகிற கையில் வளையல் வேண்டாம் என்று கழற்றச் சொன்னார். பெயரை எழுதிக்கொண்டு, மலையாளத்தில், "இப்ப ஒழிவில்ல அம்மே, இடம் வந்தா விளிக்காம்" என்றார். இருக்கிற இயந்திரங்கள் எல்லாம் நிறைந்துவிட்டன, இடம் வந்தால் கூப்பிடுகிறேன் என்று அர்த்தம். அதுவரை பொள்ளாச்சிதான்.

சேதி தெரிந்து பெரியப்பா மகன் கதிரேசன் அண்ணன் வந்தார். "ஏனம்மணி, காசிருக்கறவன் வெளிய பாத்துக்கோணும், இல்லாதவனுக்கு இதை உட்டுக்குடுக்கோணும். அதுதான நாயம்?" என்றார்.

அன்று எனக்கு வாய் அடைத்துப்போனது. எனக்கு அப்படி ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது பதில் இருக்கிறது. இல்லாதவருக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்தால் அது மறுபடியும் தர்மமாகிவிடும். கொடுக்கிறவருக்கு மனசு மாறினால் நின்றுபோகும். சத்தம் போடத் தெரிந்தவர்கள் எல்லாம் கோயம்புத்தூர் போய்விட்டால், இங்கே மின்விசிறி ஓடவில்லை என்று கேட்க யார் இருப்பார்கள்? எல்லாரும் போகிற இடமாக இருந்தால்தான் அது எல்லாருக்கும் ஒழுங்காக நடக்கும். வாய்க்காலைச் சின்ன விவசாயிக்கு மட்டும் விட்டுவிட்டு நீங்கள் போர்வெல் போட்டு ஒதுங்கிக்கொண்டிருந்தால், அந்த ரோட்டில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

நியாயம் பேசிய அதே வாயால் அண்ணன் அடுத்து என்ன சொன்னார் தெரியுமா? "போகறதுன்னு முடிவு பண்ணிட்டா காத்திருக்க வேண்டியதில்ல. பஞ்சாயத்து மெம்பர் நம்ம பையன்தான். ஒரு போன் போட்டா சித்தி பேரு மேல வந்துரும்."

எனக்குச் சபலம் தட்டியது அப்பா. பொய் சொல்லமாட்டேன். அம்மாவின் முகம் அந்த வாரம் வீங்கியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

"ஏஞ்சாமி, அடுத்தவன் முறைல மடைய அடைச்சுத் தன்ற காட்டுக்குத் திருப்பிக்கறவனை உங்க சித்தப்பா என்னன்னு சொல்லுவாரு?"

அண்ணன் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதை நான் இங்கே எழுத முடியாது, நாலு பேர் படிக்கிற கடிதம்.

நல்ல வெயில் காலம் ஒன்று போய், மழையும் வந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். நாளைக்கே வாருங்கள், இடம் இருக்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தில் நம் தோப்புத் தேங்காயைத் துருவித் தட்டு நிறைய பர்பி செய்தேன். காசும் கொடுக்காமல் யாரையும் பிடிக்காமல் அம்மாவின் முறை வந்திருக்கிறது, சும்மா இருக்க முடியுமா? மறுநாள் அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து இயந்திரம் ஓட ஆரம்பித்ததும், துணைக்கு வந்திருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். ஒருவரும் வாயில் வைக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மனைவி, தங்கமணி என்று பெயர், என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க்கா. இந்தக் கட்டல்ல வெள்ளிக்கெழம வரைக்கும் வேலுச்சாமின்னு ஒரு அண்ணன் இருந்தாருங்க. செங்கச் சூளைல வேலை. ஞாயித்துக்கெழம தவறிப்போய்ட்டாரு. அந்த எடந்தான் உங்க அம்மாளுக்கு வந்திருக்குதுங்க."

தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். ஒரு மனிதர் செத்துப்போனதற்கு நான் இனிப்பு கொடுத்திருக்கிறேன். தங்கமணி மெதுவாகத்தான் பேசினார், ஆனால் அம்மாவின் காது உங்களுக்குத் தெரியுமே. கேட்டுவிட்டாள். இயந்திரம் நிற்கும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். ஊசியைக் கழற்ற வந்த நர்ஸிடம் கேட்டாள்.

"ஏனுங் சிஸ்டர், என்ற பேருக்குக் கீழ ஆரு பேரு இருக்குதுங்க?"

"அதொக்கெ எந்தினா அம்மே? சமாதானமாயிட்டு கிடக்கு" என்றார் நர்ஸ், அதெல்லாம் எதற்கு, நிம்மதியாகப் படுங்கள் என்று. அம்மா விடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அவர், பெயரைச் சொல்லாமல், "ஒரு பெண்ணு. ரண்டு குட்டிகளுண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது கொழிஞ்சாம்பாறை தாண்டியதும் அம்மா சொன்னாள், "அம்மணி, என்ற எடத்த அந்தப் புள்ளைக்குக் குடுத்துரலாமா? எனக்கு வயசாச்சு. ரெண்டு கொழந்தைங்க இருக்குதாமா."

காரை ஓரம் கட்டினேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"மறுபடியும் தர்மத்துக்குக் கெளம்பிட்டியா? நீ எந்திரிச்சா அவ படுப்பா. அவளுக்குக் கீழ ஒருத்தன் அவ எப்பப் போவாள்னு காத்துக் கெடப்பான். இது முறையாம்மா? நீயும் இருக்கோணும், அவளும் இருக்கோணும். நீ எந்திரிக்கற பேச்சையே எடுக்காதே."

அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். "செரி. அப்ப அதுக்கு என்ன பண்ணோணுமோ அதைப் பண்ணு" என்றாள்.

பண்ணிக்கொண்டிருக்கிறேன் அப்பா. அந்த இயந்திரங்கள் மத்தியானத்தோடு துணி போர்த்தி நிற்கின்றன. மாலையிலும் ஓட்டினால் காத்திருப்பவர்களில் பலருக்கு இடம் கிடைக்கும். ஓட்டத்தான் ஆள் போடவில்லை. கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். தங்கமணி வந்தார். வேலுச்சாமியின் மனைவியும் வந்தார். இனி அவருக்கு அங்கே ஆக வேண்டியது ஒன்றும் இல்லை, ஆனாலும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பர்பிக்காக மன்னிப்புக் கேட்டேன். "உங்களுக்கென்னங்க தெரியும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பஞ்சாயத்துக்காரர்கள் பார்க்கலாம் என்றார்கள். "எப்பன்னு சொல்லுங்க, அதுவரைக்கும் இங்கயே உக்காந்திருக்கறோம்" என்றேன். அந்த அறையில் உங்கள் குரல் எனக்கே கேட்டது. அடுத்த வாரம் மாவட்ட அதிகாரியைப் பார்க்கக் கூட்டிப்போகிறோம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் ஒரு வேன் ஆள் போகிறோம். கதிரேசன் அண்ணன்தான் வேன் பிடித்துத் தருகிறார். மனிதர் அப்படி ஒன்றும் மோசமில்லை.

மாலை இயந்திரங்கள் ஓடத்தான் போகின்றன. எனக்குச் சந்தேகமே இல்லை. கேட்கிறவர்கள் கூடிவிட்டால் தண்ணீரே வந்திருக்கிறது. அதன் பிறகும் வரிசை இருக்கும், இன்னும் கேட்க வேண்டியிருக்கும், கேட்போம்.

நான் உங்களுக்குத் தருகிற வாக்கு இது. பெயர்கூடத் தெரியாத அந்தப் பெண்ணுக்கு ஒரு கட்டில் வரும். அம்மா உயிரோடு அடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டு, எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள் என்று அவளைத் தொணதொணக்கிற மாதிரி வரும். அதற்காக யாரும் சாக வேண்டியதில்லை.

உங்கள் பேச்சைத் தட்டிய, உங்கள் பிடிவாதத்தை அப்படியே வாங்கிக்கொண்ட மகள்,
பூங்கொடி